வைரஸ் இல்லாமல் செல்லின் ஜீனோமில் டிஎன்ஏவைப் பதிப்பது எப்படி? பிகிபேக் முறைக்கு முழுமையான வழிகாட்டி

டிரான்ஸ்ஃபெக்‌ஷன் (செல்லுக்குள் டிஎன்ஏவை ஏற்றுவது) முடிந்த இரண்டாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஏற்றியது பச்சை ஒளிர்வு மரபணு என்றால், தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிரும். புதிதாக வருபவர்கள் அந்தப் படத்தை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் பச்சை பாதியாகிறது. மூன்றாம் வாரம் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

டிஎன்ஏ செல்லுக்குள் போவது ஒரு விஷயம், ஜீனோமில், அதாவது செல்லின் சொந்த டிஎன்ஏவில், பதிவது இன்னொரு விஷயம். பதியாத பிளாஸ்மிட் (நாம் உள்ளே விடும் வட்ட டிஎன்ஏ) தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளாது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது பங்குபோட்டுக் குறைந்துகொண்டே வரும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான். எண்கள் எல்லாம் ஹெக்293 (மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த, ஆய்வகங்களில் வளர்க்கும் செல் வகை) செல்களுக்கானவை; வேறு செல் என்றால் நீங்களே அளந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. எந்த முறை என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

ஒரு கேள்வி போதும்: மரபணு எங்கே பதிந்தாலும் பரவாயில்லையா, குறிப்பிட்ட இடத்தில்தான் பதிய வேண்டுமா?

குறிப்பிட்ட இடம் வேண்டுமென்றால் கிரிஸ்பரால் (சொன்ன இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கருவி) வெட்டி, இருபுறமும் பொருந்தும் வரிசை கொண்ட டிஎன்ஏவைக் கொடுக்கும் வழிக்குப் போங்கள். அது துல்லியமானது, ஆனால் சிரமமானது. செல் தன் வெட்டை அப்படிப் பொருத்தி ஒட்டுவது, டிஎன்ஏ நகலாகும் கட்டத்திலும் அதை அடுத்த கட்டத்திலும்தான். பிரியாத செல்லில் அந்த வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். செருகும் துண்டு நீளமாக நீளமாக வெற்றியும் குறையும்.

எங்கே பதிந்தாலும் சரி, நிலையாக இருந்தால் போதும் என்றால் டிரான்ஸ்போசோன் (ஜீனோமில் இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) எளிது. பிகிபேக், ஸ்லீப்பிங் பியூட்டி இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. நான் பிகிபேக்கை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், 10 ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகளைத் தாண்டிய சரக்கையும் (பதிக்க வேண்டிய டிஎன்ஏ) அது தயங்காமல் சுமக்கும். ஒரு இடத்திலிருந்து கிளம்பும்போது பொதுவாக வடுவும் விடாது.

அது வேலை செய்யும் விதம் வெட்டி ஒட்டுவது. டிரான்ஸ்போசேஸ் என்னும் நொதி, சரக்கின் இரு முனைகளிலும் உள்ள திரும்பு வரிசைகளை (எதிரெதிர்த் திசையில் ஒரே மாதிரி வரும் வரிசைகள்) பிடித்து பிளாஸ்மிடிலிருந்து வெட்டியெடுக்கும். பிறகு ஜீனோமில் தைமின், தைமின், அடினின், அடினின் என்று வரும் நான்கெழுத்து இடம் ஒன்றில் செருகிவிடும். அந்த நான்கெழுத்து ஜீனோம் முழுக்க இறைந்து கிடப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதி முதலில். வைரஸ் இல்லையே, அனுமதி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. மனிதச் செல்லின் மரபணுவை மாற்றுகிறீர்கள், அது போதும்.

அடுத்து மைக்கோபிளாஸ்மா சோதனை. இந்தக் கிருமி சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, மீடியத்தைக் கலங்கலாக்காது. செல்லின் வளர்ச்சியையும் டிரான்ஸ்ஃபெக்‌ஷனையும் சத்தமில்லாமல் கெடுக்கும். இதைச் சோதிக்காமல் தொடங்கி ஒரு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் அந்த ஒரு மாதமும் குப்பைக்குத்தான்.

செல்கள் இளம் பாசேஜில் (அதிக முறை தட்டு மாற்றி வளர்க்காத நிலை) இருக்கட்டும். தொடங்கும் அன்றே அதே செல்லில் நாலைந்து குப்பிகள் உறைய வைத்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க, மாற்றப்படாத மூலச் செல் கட்டாயம் தேவைப்படும்.

3. இரண்டு பிளாஸ்மிட்களை அமைப்பது

ஒன்றில் சரக்கு, மற்றொன்றில் டிரான்ஸ்போசேஸ். இரண்டையும் ஒரே பிளாஸ்மிடில் வைத்தால் வசதிதானே என்று தோன்றும், வைக்காதீர்கள். நொதி சில நாள் வேலை செய்துவிட்டுக் காணாமல் போக வேண்டும். தங்கிவிட்டால் பதித்த சரக்கை மறுபடி வெட்டி வேறெங்காவது கொண்டுபோகும்.

சரக்குப் பிளாஸ்மிடில் இரு திரும்பு வரிசைகளுக்கு நடுவே புரமோட்டர் (மரபணுவை இயக்கும் பகுதி), உங்கள் மரபணு, பாலி-ஏ (ஆர்என்ஏவின் முடிவைக் குறிப்பது), தேர்வு மரபணு (கொல்லும் மருந்தைத் தாங்க வைப்பது) எல்லாம் இருக்க வேண்டும். தேர்வு மரபணு மட்டும் வெளியே மாட்டிக்கொண்ட வரைபடத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் உயிர் பிழைக்கும் செல்லில் உங்கள் சரக்கு இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

தேர்வு மரபணுவுக்குத் தனிப் புரமோட்டர் கொடுப்பதைவிட, உங்கள் மரபணுவின் பின்னாலேயே 2ஏ வரிசையால் (ஒரே ஆர்என்ஏவிலிருந்து இரண்டு புரதம் வர வைக்கும் சிறு வரிசை) கோத்துவிடுவது நல்லது. அப்போது இரண்டும் ஒரே ஆர்என்ஏவில் வரும். மரபணு அடங்கிப்போன செல்லுக்கு மருந்தைத் தாங்கும் சக்தியும் போய்விடும்.

புரமோட்டர் விஷயத்தில் சிஎம்வி ஆரம்பத்தில் பிரமாதமாக ஒளிரும். ஆனால் பல செல் வகைகளில், குறிப்பாக ஸ்டெம் செல்களில், நாளடைவில் அடங்கிவிடும். நீண்ட நாள் வேண்டுமென்றால் இஎஃப்1 ஆல்ஃபா பாதுகாப்பான தேர்வு.

சரக்குக்குள் அந்த நான்கெழுத்து இடம் வந்தால் நொதி அங்கேயே வெட்டிவிடாதா என்று கேட்பார்கள். வெட்டாது. நொதி அடையாளம் காண்பது முனைகளில் உள்ள திரும்பு வரிசையை. சரக்குக்குள் தனியாக நிற்கும் நான்கெழுத்து அதற்கு வெட்டும் இடமே அல்ல.

பிளாஸ்மிடைக் கட்டி முடித்ததும் இரண்டு முனைகளையும் சீக்குவென்ஸ் செய்து பாருங்கள். முனையில் சில எழுத்துகள் போயிருந்தால் மரபணு ஒளிரும், ஆனால் பதியாது. இரண்டாம் நாள் படம் அழகாக வந்து பிறகு எல்லாம் செத்துப்போகும் கதைகளில் பல இங்கே தொடங்கியவை.

4. டிஎன்ஏவின் தரம்

260, 280 நானோமீட்டரில் டிஎன்ஏ ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம் 1.8 முதல் 2.0 வரை இருக்கட்டும். எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) நீக்கும் கிட் பயன்படுத்துங்கள். ஹெக்293 அதைச் சகித்துக்கொள்ளலாம், ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் சகிக்காது. மின்துடிப்பு முறைக்கு (மின்சாரத்தால் செல்லைத் திறந்து டிஎன்ஏவை விடுவது) போகிறவர்கள் உப்பையும் கவனிக்க வேண்டும். டிஎன்ஏவில் உப்பு மிஞ்சினால் குவெட்டில் (செல்களை வைக்கும் சின்னக் கலம்) பொறி பறக்கும், செல்கள் அங்கேயே காலி.

பழைய முறையில் பழகியவர்கள் பிளாஸ்மிடை நொதியால் வெட்டி நேராக்கிக்கொண்டு வருவார்கள். இங்கே அது வேண்டாம், வட்டமாகவே கொடுங்கள்.

5. மருந்தின் கொல்லும் அளவைக் கண்டுபிடிப்பது

டிரான்ஸ்ஃபெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். செல்கள் கையில் வந்தபின் அளவைத் தேடுவது, பந்தி உட்கார்ந்தபின் அடுப்பு மூட்டுவது போல.

பியூரோமைசின் என்றால் மில்லிலிட்டருக்கு 0, 0.25, 0.5, 1, 2, 3, 4 மைக்ரோகிராம் என்று குழிகள் வையுங்கள். 3 முதல் 4 நாளில் எல்லாச் செல்லையும் கொல்லும் மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. ஹெக்293க்குப் பெரும்பாலும் 1 முதல் 2க்குள் வரும். ஆனாலும் மருந்தின் புதுத் தொகுப்பு வாங்கினால் மறுபடி பாருங்கள்.

ஏன் மிகக் குறைந்த அளவு? அளவைக் கூட்டினால் ஒரு நகல் மட்டும் பதிந்த செல்கள் தாங்காமல் போகும். பத்து, இருபது நகல் பதிந்தவை மட்டும் மிஞ்சும். உங்களை அறியாமலேயே நீங்கள் அதிக நகலைத் தேர்ந்தெடுத்துவிடுவீர்கள்.

ஒரு பெரிய பள்ளம் இங்கே இருக்கிறது. ஜி418 மருந்தும் அதைத் தாங்கும் நியோமைசின் எதிர்ப்பு மரபணுவும் வைத்துத் தேர்வுசெய்யலாம் என்று பலர் கிளம்புவார்கள். சாதாரண ஹெக்293க்குச் சரி. அதன் ஒரு வகையான ஹெக்293டி செல்லில் அந்த எதிர்ப்பு மரபணு ஏற்கெனவே இருக்கிறது. எவ்வளவு ஊற்றினாலும் நிம்மதியாக வளரும். என்னிடம் பயில வந்த ஒருவர் மூன்று வாரம் மருந்து ஊற்றி, “எல்லாச் செல்லும் பதிந்துவிட்டது, நூறு சதவீதம்” என்று சந்தோஷமாக வந்தார். ஒன்றும் பதியாத கன்ட்ரோல் குழியையும் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் நூறு சதவீதம்தான்.

6. குழிகளைத் திட்டமிடுவது

6 குழித் தட்டு ஒன்று போதும். முதல் குழியில் டிஎன்ஏவும் இல்லை, மருந்தும் இல்லை. செல்கள் ஆரோக்கியமாக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. இரண்டாவதில் டிஎன்ஏ இல்லை, மருந்து உண்டு. எல்லாம் சாக வேண்டும்.

மூன்றாவது குழிதான் முக்கியம், பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் இதைத்தான். சரக்குப் பிளாஸ்மிட் உண்டு, டிரான்ஸ்போசேஸ் இல்லை. அதன் இடத்தில் வெற்றுப் பிளாஸ்மிடை அதே எடையில் சேர்த்து மொத்த டிஎன்ஏவைச் சமமாக்குங்கள். எந்த நொதியும் இல்லாமல் தானாகவே எங்கோ ஒட்டிக்கொள்ளும் செல்கள் எப்போதும் சில இருக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் உங்கள் நொதி வேலை செய்ததா என்று சொல்ல முடியாது.

நான்காவதும் ஐந்தாவதும் உண்மையான சோதனை, இரண்டு பிரதிகள். ஆறாவதில் ஜிஎஃப்பி (பச்சை ஒளிர்வுப் புரதம்) பிளாஸ்மிட் மட்டும். டிஎன்ஏ எத்தனை சதவீதச் செல்லுக்குள் போனது என்பதை இதில் எண்ணலாம். 1, 6 இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் பின்னால் மருந்து வரும்.

7. விகிதக் கணக்கு

சரக்குக்கும் டிரான்ஸ்போசேஸுக்கும் விகிதம் சொல்லும்போது எடையா, மூலக்கூறு எண்ணிக்கையா என்று பாருங்கள். 1 ஆயிரம் எழுத்து நீள டிஎன்ஏ 1 மைக்ரோகிராமில் சுமார் 1.5 பிகோமோல் (மூலக்கூறு எண்ணிக்கையின் அலகு) இருக்கும். நீளம் கூடினால் அதே எடையில் எண்ணிக்கை குறையும்.

சரக்குப் பிளாஸ்மிட் 8 ஆயிரம் எழுத்து, 1.6 மைக்ரோகிராம் என்றால் சுமார் 0.3 பிகோமோல். டிரான்ஸ்போசேஸ் பிளாஸ்மிட் 5 ஆயிரம் எழுத்து, 0.4 மைக்ரோகிராம் என்றால் சுமார் 0.12. எடையில் 4க்கு 1 என்று தெரிவது எண்ணிக்கையில் 2.5க்கு 1தான். தொடக்கத்துக்கு இது நல்ல இடம்.

நொதியைக் கூட்டினால் பதிவதும் கூடும் என்று நினைத்து அள்ளி ஊற்றாதீர்கள். ஓர் அளவுக்கு மேல் பலன் குறையும், மறுபடி வெட்டியெடுக்கும் வாய்ப்பும் ஏறும். நகல் எண்ணிக்கை குறைவாக வேண்டுமென்றால் குறைக்க வேண்டியது சரக்கை. அதைப் பத்தில் ஒரு பங்காக்கி, மீதியை வெற்றுப் பிளாஸ்மிடால் நிரப்புங்கள்.

8. டிரான்ஸ்ஃபெக்‌ஷன்

முந்தின நாள் ஒரு குழிக்கு 4 லட்சம் செல் விதையுங்கள். மறுநாள் குழியின் 60 முதல் 70 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் செல்லில்தான் டிஎன்ஏ உட்கருவுக்குள் எளிதாக நுழையும். நிரம்பி வழியும் தட்டில் செல்கள் பிரிவதை மெதுவாக்கிவிடும்.

மீடியத்தை ஆன்டிபயாடிக் இல்லாததாக மாற்றுங்கள். டிஎன்ஏவை உள்ளே விடும் அதே கலவை பெனிசிலினையும் ஸ்ட்ரெப்டோமைசினையும் கூடுதலாக உள்ளே விடும், செல்கள் வாடும்.

சீரம் இல்லாத மீடியம் 100 மைக்ரோலிட்டரில் மொத்தம் 2 மைக்ரோகிராம் டிஎன்ஏ. இன்னொரு 100 மைக்ரோலிட்டரில் பிஇஐ (டிஎன்ஏவைத் துகளாகக் கட்டி செல்லுக்குள் கொண்டுபோகும் பாலிமர்) 6 மைக்ரோகிராம். இரண்டாவதை முதலாவதில் சேர்த்துக் கலந்து, அறை வெப்பத்தில் 15 நிமிடம் வையுங்கள். சீரம் இருந்தால் அதன் புரதங்கள் குறுக்கே வந்து துகள் சரியாக உருவாகாது. அரைமணி நேரத்துக்கு மேல் விட்டால் துகள்கள் திரண்டு பெரிதாகி செல்லுக்கு நஞ்சாகும். போன் பேசப் போகாதீர்கள்.

சொட்டுச் சொட்டாகக் குழி முழுக்க விட்டு, தட்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மெல்ல ஆட்டுங்கள். வட்டமாகச் சுழற்றினால் எல்லாம் நடுவில் குவியும். 4 முதல் 6 மணி நேரம் கழித்து மீடியத்தை மாற்றுங்கள். ஹெக்293 தட்டில் அவ்வளவு இறுக்கமாக ஒட்டாது, நேராக ஊற்றினால் பாளமாக உரிந்து வரும். சுவரோரமாக விடுங்கள்.

இதே எண்களை டி செல்லுக்கு (ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புச் செல்) கொண்டுபோக வேண்டாம். சைட்டோபிளாசத்தில் வெற்று டிஎன்ஏ வந்தால் அதை ஆபத்தாகப் படித்துக் கூச்சல் போடும் அமைப்பு டி செல்லில் விழிப்பாக இருக்கிறது. ஹெக்293டியில் அது ஏறக்குறைய இல்லை. டி செல்லில் வேலை செய்பவர்கள் மின்துடிப்பையும், பாக்டீரியப் பகுதிகளை நீக்கிய சின்ன வட்ட டிஎன்ஏவையும், டிரான்ஸ்போசேஸுக்கு ஆர்என்ஏவையும் நாடுவது இதனால்தான்.

9. மருந்து கொடுப்பது

48 மணி நேரம் பொறுங்கள். எதிர்ப்புப் புரதம் உருவாக நேரம் வேண்டும். முதல் நாளே ஊற்றினால் பதிந்த செல்லும் பதியாத செல்லும் சேர்ந்தே சாகும்.

48ஆம் மணியில் செல்களை டிரிப்சினால் எடுத்து எண்ணுங்கள். ஒவ்வொரு குழியிலிருந்தும் 1 லட்சம் செல்லை ஒரு 10 சென்டிமீட்டர் தட்டில் போடுங்கள், இது காலனி (ஒரு செல்லிலிருந்து வளரும் திட்டு) எண்ணுவதற்கு. மீதியை இன்னொரு தட்டில், இது உங்கள் கலப்புக் கூட்டம். ஒட்டுவதற்கு அரை நாள் கொடுத்தபின் பியூரோமைசின். பிரிக்காமல் நெருக்கமான தட்டிலேயே மருந்து ஊற்றினால் செல்கள் ஒன்றுக்கொன்று மறைவாக நின்று தப்பிக்கும்.

2 முதல் 3 நாளுக்கு ஒருமுறை மருந்தோடு மீடியம் மாற்றுங்கள். மிதக்கும் பிணங்களை அகற்றுவதும் சேர்ந்தே நடக்கும்.

நான்காம் நாள் உயிரோடு இருப்பதெல்லாம் பதிந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். பதியாத பிளாஸ்மிடும் எதிர்ப்புப் புரதத்தைச் சில நாள் கொடுக்கும். மூன்றாவது குழியின் தட்டில் முதல் வாரம் கணிசமாக உயிர் இருக்கும், இரண்டாவது வாரம் மளமளவென்று சரியும். கலப்புக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முழுதாகப் போகட்டும்.

10 முதல் 12 நாளில் காலனித் தட்டைக் கிரிஸ்டல் வயலட்டால் சாயமேற்றி எண்ணுங்கள். நான்காவதிலும் ஐந்தாவதிலும் மூன்றாவதைவிடப் பல மடங்கு இருந்தால் நொதி வேலை செய்திருக்கிறது. ஏறக்குறைய சமம் என்றால் முனை வரிசையையும் டிரான்ஸ்போசேஸ் பிளாஸ்மிடையும் திரும்பப் பாருங்கள். எல்லாத் தட்டிலும் குறைவு என்றால் ஆறாவது குழியைப் பாருங்கள், டிஎன்ஏ உள்ளேயே போயிருக்காது.

10. ஜீனோமில்தான் இருக்கிறதா?

கலப்புக் கூட்டத்தின் ஒரு பகுதியை மருந்து இல்லாமல் நான்கு வாரம் வளர்த்துப் பாருங்கள். ஒளிர்வு அப்படியே இருந்தால் நல்ல அறிகுறி.

அப்புறம் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை), மூன்று ஜோடி பிரைமர் (எந்தத் துண்டு என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ). சரக்குக்கு ஒன்று, இது வர வேண்டும். பிளாஸ்மிடின் முதுகெலும்பில் (சரக்குக்கு வெளியே உள்ள பகுதி) உள்ள ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவுக்கு ஒன்று, டிரான்ஸ்போசேஸ் மரபணுவுக்கு ஒன்று. இவை இரண்டும் வரக் கூடாது. ஆம்பிசிலின் வந்தால் பிளாஸ்மிட் முழுதாக எங்கோ ஒட்டியிருக்கிறது, வெட்டி ஒட்டும் வேலை அங்கே நடக்கவில்லை. டிரான்ஸ்போசேஸ் வந்தால் அந்தக் கூட்டத்தைத் தூக்கிப்போடுங்கள். சரக்கு இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

மிச்சசொச்சப் பிளாஸ்மிட் பிசிஆரை ஏமாற்றும். அதற்கு ஒரு தந்திரம்: ஜீனோம் டிஎன்ஏவை முதலில் டிபிஎன்1 நொதியால் வெட்டுங்கள். வழக்கமான பாக்டீரியத்தில் வளர்ந்த பிளாஸ்மிடில் குறிப்பிட்ட அடினின்கள் மெதில் ஏறியிருக்கும், இந்த நொதி அங்கே மட்டும் வெட்டும். மனிதச் செல்லில் நகலான டிஎன்ஏவை விட்டுவிடும். பிரைமர்களுக்கு நடுவே அந்த வெட்டும் இடம் ஒன்றாவது வரும்படி வடிவமைத்தால்தான் இது பலிக்கும்.

நகல் எண்ணிக்கைக்கு டிஜிட்டல் பிசிஆர் (துண்டுகளைத் தனித்தனியாக எண்ணும் பிசிஆர்) வசதி. இங்கே ஹெக்293 ஒரு பொறி வைத்திருக்கிறது. ஒப்பீட்டு மரபணு செல்லுக்கு இரண்டு நகல் என்று எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஹெக்293இன் குரோமோசோம்கள் ஏறக்குறைய மும்மடங்கு, சில பகுதிகள் மூன்று நகலாக இருக்கும். நீங்கள் எடுத்த மரபணு அந்தச் செல்லில் எத்தனை என்று பார்க்காமல் வகுத்தால் விடை ஒன்றரை மடங்கு தப்பும்.

நகல் ஏன் இவ்வளவு முக்கியம்? பிகிபேக் திறந்து கிடக்கும், வேலை நடக்கும் மரபணுக்களின் தொடக்கப் பகுதிகளை அதிகம் நாடும். நகல் கூடக் கூட ஏதோ ஒரு முக்கிய மரபணுவின் தலையில் போய் உட்காரும் வாய்ப்பும் கூடும். பிகிபேக்கால் மாற்றிய கார்-டி செல் (புற்றுநோயைத் தாக்க மரபணு மாற்றிய டி செல்) பெற்ற 10 பேரில் 2 பேருக்கு அந்தச் செல்களிலிருந்தே லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) உருவானதாக 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தட்டில் வளர்க்கும் செல்லுக்கு அவ்வளவு பயம் வேண்டாம், ஆனால் சோதனை முடிவைக் குழப்ப ஒரு தவறான இடமே போதும்.

11. ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ப்பது

கலப்புக் கூட்டத்தில் ஒவ்வொரு செல்லிலும் இடமும் எண்ணிக்கையும் வேறு. ஒரே மாதிரி வேண்டுமென்றால் தனிமைப்படுத்த வேண்டும்.

96 குழித் தட்டில் குழிக்கு சராசரி 0.5 செல் வருமாறு நீர்க்கச் செய்யுங்கள். பாய்சான் கணக்குப்படி (சிதறி விழுவதன் நிகழ்தகவு) சுமார் 61 சதவீதக் குழி காலி, 30 சதவீதத்தில் ஒரே செல், 9 சதவீதத்தில் ஒன்றுக்கு மேல். குழிக்கு 1 செல் என்று போட்டால் ஒன்றுக்கு மேல் விழுவது 26 சதவீதமாக ஏறும். காலிக் குழியைப் பார்த்து வருத்தப்படாதீர்கள், அதுதான் தனிமைக்குக் கொடுக்கும் விலை.

மறுநாளே ஒவ்வொரு குழியையும் பார்த்து ஒரே செல் உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் இரண்டு செல்லிலிருந்து வந்த காலனியும் ஒன்றாகத்தான் தெரியும். குறைந்தது ஐந்தாறு குளோன்களையாவது (ஒற்றைச் செல்லிலிருந்து வளர்ந்த கூட்டங்கள்) கடைசிவரை கொண்டுபோங்கள். ஒரே குளோனில் தெரியும் மாற்றம் உங்கள் மரபணுவால் வந்ததா, அது உட்கார்ந்த இடத்தால் வந்ததா என்று பிரிக்க வேறு வழியில்லை.

12. உறைய வைப்பது

குளோன் 6 குழித் தட்டுக்கு வந்ததும், சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல், 10 சதவீத டிஎம்எஸ்ஓவில் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) இரண்டு குப்பி உறைய வையுங்கள். காத்திருந்தால் பாசேஜ் ஏறும், கூட்டத்தில் வேகமாக வளர்பவை மற்றவற்றை அமுக்கிவிடும். குப்பியில் குளோன் எண், பாசேஜ், தேதி, மருந்து எல்லாம் எழுதுங்கள். “பச்சை நல்லது” என்று மட்டும் எழுதிய குப்பி ஒன்று எங்கள் நைட்ரஜன் தொட்டியில் இன்னும் இருக்கிறது, யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு குப்பியை உருக்கி வளர்த்து, மைக்கோபிளாஸ்மாவும் ஒளிர்வும் மறுபடி பாருங்கள். அது சரியாக வந்தபின் இன்குபேட்டரில் உள்ள தட்டுகளை அப்புறப்படுத்தலாம்.